சீட்டு, கோப்பு, காப்பீடு: காட்டுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவமனை அலுவலகப் பணி ஒரு வழியா?

காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு வரை கடலோரமாக நீளும் மீனவர் குப்பங்களில் பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பெற்றோர் இன்று தயங்குவதில்லை. படித்து முடித்த பிறகு என்ன என்பதில்தான் தயக்கம். தெற்கே 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியில் இயங்கத் தொடங்கியது. எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தையும் துறைமுகத்தையும் கட்டியது. அந்தத் துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. இத்தனை வந்தும், 'நிரந்தர வேலை கொடு' என்ற கோரிக்கை இப்பகுதி மீனவர்களின் போராட்டங்களில் திரும்பத் திரும்ப எழுகிறது. ஒப்பந்தக்காரரின் கீழ் கிடைக்கும் பாதுகாவலர், துப்புரவு வேலைகளுக்கு யாரும் பிளஸ் டூ வரை படித்திருக்கத் தேவையில்லை.

இந்த நிலையில், 'ஆறே மாதத்தில் மருத்துவமனை வேலை' என்ற விளம்பரம் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய வாக்குறுதியாகத் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் நிற்க வேண்டாம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த வேலை, கௌரவமான உடை, நர்சிங் படிப்புக்கு ஆகும் செலவு இல்லை. ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன், ஃப்ரன்ட் ஆபீஸ், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், மெடிக்கல் கோடிங் என்று அதற்குப் பல பெயர்கள். இந்தப் பயிற்சிகள் எதற்குத் தயார் செய்கின்றன, எதை விட்டுவிடுகின்றன, யார் இவற்றை ஒழுங்காகச் செய்து காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. முடிவை முன்பே சொல்லிவிடலாம்: இது அரைகுறையாகக் கற்று வந்தால் நோயாளியைத் தெருவில் நிறுத்திவிடக்கூடிய தொழில். மருத்துவமனையோடு சேராத எந்தப் பயிற்சியும் இதற்குப் போதாது.

வேலை என்பது எது?

ஒரு நடுத்தர மருத்துவமனையின் அலுவலக வேலையை நான்கு மேசைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது சீட்டு போடும் இடம். பெயர், வயது, ஊர், கைப்பேசி எண்ணைப் பதிந்து எண் கொடுப்பது. எளிய வேலையாகத் தெரியும். ஆனால் மருத்துவமனையில் நடக்கும் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் விதைக்கப்படுகிறது. ஒரே குப்பத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து. போன தடவை வந்தபோது ஒரு எண், இந்தத் தடவை புது எண் என்று கொடுத்துவிட்டால் அந்த நோயாளியின் பழைய சர்க்கரை அளவும் பழைய எக்ஸ்ரேயும் மருத்துவரின் கண்ணுக்கே வராது. ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் ஒரே எண் என்ற விதியை மருத்துவப் பதிவுத் துறை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது மேசை கோப்புகளுடையது. வார்டிலிருந்து வரும் கேஸ் ஷீட்டை அடுக்குவது, விடுபட்ட கையெழுத்தைத் தேடிப் போய் வாங்குவது, டிஸ்சார்ஜ் சம்மரி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, நோய்க்குக் குறியீடு இடுவது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது. உள்நோயாளியின் பதிவுகளை மருத்துவர் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. சொன்னது மருத்துவருக்கு என்றாலும் அதை நிறைவேற்றுவது பதிவறையில் இருப்பவர்தான்.

மூன்றாவது பில்லும் காப்பீடும். நான்காவது சட்டம் கேட்கும் பதிவுகள்: பிறப்பு, இறப்பு, விபத்துப் பதிவேடு, காவல் நிலையத்துக்குப் போகும் தகவல். அரசு மருத்துவமனை வாசலில் 'ஏ.ஆர். காப்பி கிடைக்குமா?' என்று கேட்டு நிற்பவர்களைப் பார்த்திருப்போம். விபத்துப் பதிவேட்டின் அந்த நகல் இல்லாமல் இழப்பீட்டு வழக்கு நகராது.

இந்த நான்கில் எந்த மேசைக்கு ஆளெடுக்கிறார்கள் என்று சொல்லாமலேயே நான்குக்கும் ஒரே சான்றிதழைக் கொடுப்பது இத்துறைப் பயிற்சியின் முதல் குறை.

கடலோரத்தில் இதன் கனம்

பட்டியலில் பெயர் இருப்பதன் மதிப்பைப் பழவேற்காட்டு ஏரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த முறையில் வலை போடுவது என்பதை ஊர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. பாட்டுக்கு உரியவர் பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு அந்த இடத்தில் வலை போட உரிமையில்லை. மருத்துவமனைப் பட்டியலும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அதை எழுதுபவர் ஊராள் அல்ல.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இப்போதைய பெயரில் மாற்றியமைக்கப்பட்டு, 2018-இல் மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் சேரலாம்; ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. கார்டு எடுக்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஆட்சியர் அலுவலகம் திருவள்ளூரில். காட்டுப்பள்ளியோ மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில். ஒரு நாள் கடலும் ஒரு நாள் கூலியும் போகும் பயணம் அது.

கார்டு கையில் இருந்தாலும் வேலை முடியவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பு மருத்துவமனை முன் அனுமதி கேட்க வேண்டும். நோயாளியின் அடையாளம், மருத்துவரின் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, எந்தத் தொகுப்புச் சிகிச்சை என்ற தேர்வு, எல்லாம் கணினியில் ஏற வேண்டும். ஒரு தாள் குறைந்தால் மறு கேள்வி வரும். அதற்குப் பதில் போகும் வரை நோயாளி கட்டிலில் காத்திருப்பார், துணைக்கு வந்தவர் 'எப்பம்மா ஆபரேசன்?' என்று மேசைக்கு மேசை கேட்டு அலைவார். இந்த இடத்தில் உட்காரும் ஊழியருக்குத் திட்டத்தின் விதியும் தெரிய வேண்டும், மருத்துவர் எழுதியதைப் படிக்கவும் தெரிய வேண்டும், காத்திருப்பவருக்குப் புரியும்படி சொல்லவும் தெரிய வேண்டும்.

பிரசவத்துக்கும் இப்படி ஒரு சங்கிலி உண்டு. கர்ப்பம் தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து 'பிக்மி' எண் வாங்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அந்த எண் வேண்டும். 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். முதல் மேசையில் தப்பிய ஓர் இலக்கம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வந்து நிற்கும்.

கடலில் இறப்பவர்களின் குடும்பத்துக்குக் காகிதத்தின் கனம் இன்னும் அதிகம். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் உள்ள குழு விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்த மீனவரின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் தருகிறது. அதற்கு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். மருத்துவமனை இறப்புகளுக்கு மருத்துவர் நிரப்பும் நான்காம் படிவத்தில் இறப்பின் காரணத்தை வரிசையாக எழுத வேண்டும்: உடனடிக் காரணம், அதற்குக் காரணமானது, அதற்கும் அடியில் இருந்தது. 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதினால் அது எல்லா மரணத்துக்கும் பொருந்தும், எதையும் சொல்லாது. பயிற்சி பெற்ற பதிவாளர் அந்தப் படிவத்தை அன்றே மருத்துவரிடம் திருப்பிக் கொண்டுபோய், 'சார், அடிப்படைக் காரணம் எழுதவில்லை' என்று நிற்பார். பயிற்சி இல்லாதவர் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடும் கண்ணெரிச்சலோடும் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். இப்படி ஓர் இரவில் நூறு பேர் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தால், யார் வந்தார், எந்த ஊர், எத்தனை மணிக்கு, என்ன தொந்தரவு என்று எழுதி வைப்பவர்தான் பின்னாளில் அந்த ஊரின் சாட்சி. 'மூச்சுத் திணறல்' என்று மட்டும் இருக்கும் சீட்டுக்கும் 'அம்மோனியா வாயுவைச் சுவாசித்ததால் மூச்சுத் திணறல்' என்று இருக்கும் சீட்டுக்கும் நடுவே இழப்பீடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இப்போது திறந்திருக்கும் வழிகள்

பழைய வழி தட்டச்சு. லோயர், ஹையர் முடித்து, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுவது. தேறினால் மருத்துவத் துறை அலுவலகத்திலும் இளநிலை உதவியாளர் ஆகலாம். மருத்துவமனைக்கென்று இதில் எதுவும் கற்றுத்தருவதில்லை. ஆனாலும் இந்தச் சான்றிதழ்கள் எல்லா அரசு அலுவலகத்திலும் செல்லும். அரசு நடத்தும் தேர்வு என்பதால் ஏமாற்றமும் இல்லை.

இரண்டாவது, 2005-இல் ஊரக சுகாதார இயக்கமாகத் தொடங்கிய தேசிய சுகாதார இயக்கத்தின் வழியாக வரும் ஒப்பந்த வேலைகள். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் போன்ற இடங்களுக்குத் தொகுப்பூதியத்தில் ஆளெடுக்கிறது. உள்ளூரிலேயே வேலை என்பது இதன் பலம்; நிரந்தரம் இல்லை என்பது பலவீனம்.

மூன்றாவது, தனியார் நிறுவனங்கள் தரும் மூன்று மாத, ஆறு மாத, ஓராண்டுச் சான்றிதழ்கள். தரம் ஆளுக்கு ஆள் மாறும் இடம் இதுதான். மருத்துவச் சொற்கள் கொஞ்சம், ஆங்கிலப் பேச்சு கொஞ்சம், எக்செல் கொஞ்சம், கடைசியில் 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்'. பயிற்சியாளர்கள் எந்த மருத்துவமனையிலும் கால் வைக்காமலேயே சான்றிதழ் வாங்கிவிடுவதும் உண்டு. மத்திய அரசின் தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா திட்டமும், மாநில அரசின் திறன் மேம்பாட்டுக் கழகமும், 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் கட்டணமில்லாத குறுகிய காலப் பயிற்சிகளைத் தருகின்றன. பணம் கட்டிச் சேருவதற்கு முன் இவற்றைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

நான்காவது, மருத்துவமனையோடு இணைந்த பட்டயமும் பட்டமும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் மருத்துவப் பதிவியலை ஒரு தனித் துறையாக நெடுங்காலமாகக் கற்றுத்தந்து வரும் நிறுவனங்கள். இங்கே படிப்பவர் நாள்தோறும் ஆயிரக்கணக்கான கோப்புகள் புழங்கும் பதிவறைக்குள்ளேயே வளர்கிறார். அதற்கும் மேலே மருத்துவமனை மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் இருக்கிறது. ஆனால் அது மேலாளர் நாற்காலிக்கான படிப்பு. சீட்டு போடும் மேசைக்கு அந்தப் பட்டத்தைக் காட்டி ஆள் சேர்ப்பதும், ஆறு மாதச் சான்றிதழ்காரரிடம் 'நீ அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகலாம்' என்று சொல்வதும் ஒரே பொய்யின் இரு பக்கங்கள்.

அமெரிக்க நோயாளியின் கோப்பு, அம்பத்தூர் மேசை

ஐந்தாவது வழியைத் தனியாகப் பார்க்க வேண்டும். சென்னையில் மருத்துவமனை அலுவலக வேலை என்றதும் இளைஞர்கள் முதலில் சொல்வது மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நடந்த சிகிச்சையின் குறிப்பைப் படித்து, நோய்க்கும் செய்த சிகிச்சைக்கும் குறியீடு இட்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்க வழிசெய்யும் வேலை. நோய்களைக் குறியீடாக எழுதும் முறைக்கு வேர் 1893. பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்ட்டியோன் அந்த ஆண்டு முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியல்தான் வளர்ந்து இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாடாக, ஐ.சி.டி.யாக ஆனது. அதன் பத்தாவது பதிப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-இல் ஏற்றது. பதினொன்றாவது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா பத்தாவது பதிப்பின் தன் வடிவத்துக்கு மாறியது 2015 அக்டோபர் 1-இல்தான்.

இந்தக் குறியீடுகள் எவ்வளவு நுணுக்கமானவை என்பதற்குக் கடலோரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது திருக்கையின் முள் கையில் ஏறிவிட்டால் பத்தாவது பதிப்பில் அது டி 63.5, மீனால் ஏற்பட்ட நஞ்சு. சொறி (ஜெல்லிமீன்) பட்டு உடம்பு தடித்தால் டி 63.6, பிற கடல்வாழ் உயிரிகளின் நஞ்சு. பாம்புக் கடி டி 63.0. மருத்துவர் சீட்டில் 'விஷக்கடி' என்று மட்டும் கிறுக்கியிருந்தால் மூன்றில் எது என்று குறியீட்டாளர் ஊகிக்கக் கூடாது; மருத்துவரைக் கேட்க வேண்டும். கேட்டால்தான் இந்தக் கரையில் ஓராண்டில் எத்தனை பேருக்குத் திருக்கை முள் குத்துகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன மருந்து இருப்பில் வேண்டும் என்பதை யாராவது என்றாவது எண்ண முடியும்.

சென்னை நிறுவனங்கள் பெரும்பாலும் உயிரறிவியல் பட்டதாரிகளை, செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் படித்தவர்களை விரும்புகின்றன. அமெரிக்க அமைப்பான ஏ.ஏ.பி.சி. நடத்தும் சி.பி.சி. தேர்வு இத்துறையில் மதிப்புள்ள சான்று: நான்கு மணி நேரம், 100 கேள்விகள், தேற 70 சதவீதம். ஆங்கிலத்தில் மருத்துவக் குறிப்பைத் தடங்கலின்றிப் படிக்க வேண்டும். தமிழ் வழியில் பி.ஏ. முடித்தவரிடம் மூன்று மாதத்தில் இது கைகூடும் என்று சொல்லிப் பணம் வாங்குவது நியாயமில்லை. உழைப்பவருக்குக் கைகூடாத ஒன்று அல்ல. கால அளவுதான் பொய்.

இன்னொரு எச்சரிக்கையும் வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டாயிரத்தையொட்டிய ஆண்டுகளில் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி மையங்கள் முளைத்தன. அமெரிக்க மருத்துவர் பேசிப் பதிந்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் மேம்பட, அந்த வேலை சுருங்கியது. காதையும் விரலையும் மட்டும் பழக்கிக்கொண்டவர்கள் வேறு வழி தேடினார்கள். மருத்துவச் சொற்களை உண்மையாகக் கற்றிருந்தவர்கள் குறியீட்டுப் பணிக்கு மாறிக்கொண்டார்கள். இப்போது குறியீட்டையும் மென்பொருள் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டது. அது தவறாகப் பரிந்துரைப்பதைக் கண்டுபிடிக்கும் அறிவுள்ளவருக்கு வேலை இருக்கும். பரிந்துரையை அப்படியே ஏற்றுப் பொத்தானை அழுத்துபவரின் இடம் உறுதியில்லை. ஒரு கருவியை மட்டும் கற்றுத்தரும் பயிற்சி அந்தக் கருவியோடு போய்விடும். உடலின் அமைப்பு, நோயின் பெயர், பதிவின் விதி, சட்டம் ஆகியவற்றைக் கற்றுத்தரும் பயிற்சி நிற்கும்.

மதுரையில் ஒரு விடை

கிராமத்துப் பெண்களை மருத்துவமனைப் பணிக்குத் தயார் செய்வது முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே நிரூபணமான விடை இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னாளில் உலகமே வந்து பார்த்த அந்த அமைப்பின் முதுகெலும்பு, பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டாண்டு பயிற்சி தந்து, கண் பரிசோதனை, அறுவை அரங்கு உதவி, நோயாளி ஆலோசனை, மருத்துவப் பதிவு எனத் தனித்தனிப் பிரிவுகளுக்கு அனுப்புகிறார்கள்.

அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. பயிற்சி பெறுபவர் பணம் கட்டுவதில்லை, பெறுகிறார். வகுப்பும் வார்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. யார் எந்த மேசைக்கு என்பது ஆளின் இயல்பைப் பார்த்து முடிவாகிறது. பேச வருபவர் ஆலோசகர் ஆகிறார். கண்புரை அறுவைக்கு வந்த பாட்டியிடம், எந்த லென்ஸுக்கு எவ்வளவு, எத்தனை நாள் தங்க வேண்டும், எப்போது மீண்டும் வர வேண்டும் என்று அவர் ஊர்ப் பேச்சிலேயே சொல்லும் அந்தப் பெண் மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறார். நோயாளியின் பயத்தையும் குறைக்கிறார். அலுவலகப் பணி என்று நாம் தாழ்த்திச் சொல்வதை அங்கே சிகிச்சையின் பகுதியாக நடத்துகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே நிறுவனத்தின் முறைக்காகப் பயின்றவருக்கு வெளியே போனால் அந்தப் பயிற்சி எவ்வளவு செல்லும் என்ற கேள்வி நியாயமானது. நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் செல்லும் தகுதியை யாராவது வரையறுக்க வேண்டும். அங்கேதான் சட்டம் வருகிறது.

சட்டம் ஒப்புக்கொண்ட தொழில்

2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்துறையில் பெரிய திருப்பம். அது பத்து வகைத் தொழில்களைப் பட்டியலிட்டது. அவற்றில் ஒன்று மருத்துவத் தகவல் மேலாண்மை. மருத்துவப் பதிவு ஆய்வாளர், குறியீட்டாளர், மருத்துவச் செயலர், டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் ஆகியோர் அதில் அடங்குகிறார்கள். துணை மருத்துவப் பணியாளர் என்று கொள்ளப்பட, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். ஆறு மாத வகுப்பில், வாரத்துக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தால்கூட 300 மணி நேரத்தைத் தாண்டாது. குறுகிய காலச் சான்றிதழ் விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. தொடக்கநிலை வேலைக்கு அந்தச் சான்றிதழ் உதவலாம். தொழிலாகப் பதிவு பெறும் தகுதி அது அல்ல.

2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த மேசைகளைத் தொடுகிறது. குப்பத்துப் பெண்ணே குப்பத்து மக்களின் சீட்டைப் போடுவதில் நன்மை நிறைய. ஆபத்தும் ஒன்று உண்டு. யாருக்குக் காசநோய், யாருக்குக் கருக்கலைப்பு, யார் மனநல மருத்துவரைப் பார்த்தார் என்பது அவளுக்குத் தெரியும். மாலையில் அதே தெருவில் அவள் நடந்து போக வேண்டும். 'என்னம்மா, அவங்க எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க?' என்று சித்தியே கேட்பார். நகரத்துப் பாடத்திட்டத்தில் இரகசியம் காப்பது ஒரு பக்கம். சிறிய ஊரில் அதுவே பயிற்சியின் பாதி.

வெளிநாட்டுத் தமிழர்களிடமும் ஓர் ஒப்பீடு கிடைக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மெடிக்கல் ஆபீஸ் அட்மினிஸ்ட்ரேஷன் நெடுநாளாகக் கல்லூரிப் படிப்பு. மருத்துவச் சொற்களோடு அந்த மாகாண அரசின் காப்பீடான 'ஓஹிப்' பில் போடும் முறையும் அங்கே கற்பிக்கப்படுகிறது. உள்ளூர்க் காப்பீட்டின் விதி அங்கே பாடம். நம் தனியார் மையங்களில் அமெரிக்கக் காப்பீட்டின் விதி தெரிந்தவர்கள் கிடைக்கிறார்கள்; முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முன் அனுமதி போடுவதைப் பாடமாக வைத்திருப்பவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

என்ன கற்பிக்கலாம், எங்கே கற்பிக்கலாம்

பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையம், பொன்னேரி அரசு மருத்துவமனை, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை. நோய் முற்ற முற்ற இப்பகுதி மக்கள் ஏறும் படிகள் இவைதான். கும்மிடிப்பூண்டி ரயில் தடம் பொன்னேரியையும் மீஞ்சூரையும் வடசென்னையோடு இணைக்கிறது. இந்த மூன்று படிகளையே பயிற்சிக் களமாக்கினால் வேறு கட்டடம் தேவையில்லை. முதல் கட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு, பிக்மி, தடுப்பூசிப் பதிவு. அடுத்து பொன்னேரியில் உள்நோயாளிக் கோப்பு, பிறப்பு இறப்புப் பதிவு, விபத்துப் பதிவேடு. கடைசியாகப் பெரிய மருத்துவமனையில் காப்பீடும் குறியீடும். வகுப்புப் பாடத்தைப் பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி போன்ற இடத்தில் மாலை நேரத்தில் வைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகை நம்பிய வீடுகளின் வருமானம் நின்றுபோகும் என்பதால், கட்டணம் இல்லை என்பது மட்டும் போதாது. அரவிந்த் போல மாத உதவித்தொகையும் வேண்டும். இறால் தடவியும் மீன் விற்றும் வீட்டுக்குப் பணம் கொண்டுவரும் பெண்ணிடம், ஈராண்டு சும்மா படி என்று எந்த அம்மாவாலும் சொல்ல முடியாது. துறைமுகங்களும் மின்நிலையங்களும் செலவழிக்க வேண்டிய சமூகப் பொறுப்பு நிதிக்கு இதைவிட நேரான செலவு இப்பகுதியில் அரிது.

அந்த ஏற்பாடு வரும்வரை, பணத்தோடு பயிற்சி மையத்துக்குப் போகும் பிள்ளையும் பெற்றோரும் சில கேள்விகளையாவது கேட்கட்டும். எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம் நேரடிப் பயிற்சி? அந்த மருத்துவமனையே எழுத்தில் உறுதி தருமா? நான்கு மேசைகளில் எதற்கான படிப்பு இது? சான்றிதழ் தருவது பல்கலைக்கழகமா, அரசுத் தேர்வுத் துறையா, மையத்தின் முதலாளியா? பாடம் நடத்துபவர் பதிவறையில் வேலை பார்த்தவரா? போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் இருவரோடு பேச முடியுமா? வேலை உத்தரவாதம் என்றால் எந்தப் பதவி, என்ன சம்பளம், வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் உண்டா? கடைசிக் கேள்விக்கு மழுப்பும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

மருத்துவமனை அலுவலகப் பணி இக்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வழியா என்றால், ஆம். ஆனால் எத்தனை பேருக்கு என்பதிலும் நேர்மை வேண்டும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் ஒரு வட்ட மருத்துவமனையும் தரக்கூடிய இடங்கள் சொற்பம். மற்றவர்கள் சென்னைக்குப் போய்வர வேண்டும். கடலும் ஏரியும் பறிபோனதற்கான ஈடாக இதைக் காட்ட முடியாது. ஏரியைக் காக்கும் கோரிக்கை ஒரு பக்கம் நிற்கட்டும். இந்தப் பயிற்சியை ஆதரிக்கக் காரணம் வேறு. இந்தக் குப்பங்களிலிருந்து பத்துப் பெண்களாவது முறையாகக் கற்றுப் பொன்னேரியிலும் ஸ்டான்லியிலும் உட்கார்ந்தால், ஓர் ஊரின் பேச்சும் பெயர்களும் தொழிலின் காயங்களும் தெரிந்த ஒருவர் அந்த ஊரின் பதிவை எழுதுவார். முதல் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கவும், அவர்களுக்கு உதவித்தொகை ஒதுக்கவும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒரு தீர்மானம் போதும்.